மை பூசத் தேவையில்லாத முகம்

மிஸ்ஸிக்கு,

இன்று காலை பசியாறிவிட்டுச் சலவைக் கடைக்குப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சிரட்டைக்கரியைத் தகரத்தட்டில் கொட்டி விசிறிக்கொண்டிருந்தார். அவர் தலையில் வழிய வழியத் தேங்காய் எண்ணெய். கரியும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. "என்னா அங்கிள், சட்டை ரெடி லா, எடுத்துக்குங்க" என்று அவர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் கையை நீட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சட்டைகளைக் கட்டிலில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இறந்து நாற்பது நாளாகிறது. இறந்தவருக்குக் கடிதம் எழுதுவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ரயில்வே அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்பும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தவன் நான். போய்ச் சேராத கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எழுதும்போது குழம்பிவிடுவேன் என்பதால் முதலிலேயே குறிப்புகள் போட்டுக்கொள்கிறேன். என்னுடைய இந்தப் பழக்கத்தை நீங்கள் விடாமல் கேலி செய்வீர்கள். "கிராணி சாரு சாவு வீட்டுல அழுவணும்னாகூட ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் அழுவாரு" என்று ஒருமுறை ஒத்திகையில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். பொய்யில்லை.

1. கானா நாட்டு விரிவுரையாளரை நாம் அறிந்தது. அவர் காட்டிய படமும் சொன்ன கதையும்.
2. அந்தக் கதையில் வரும் பெண்ணின் வேடத்தை நீங்கள் கேட்டது.
3. அது உங்களுக்குக் கிடைக்காமல் போனது. அதில் என் குற்றம், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தது மட்டுமே.
4. நிகழ்ச்சி நடந்த மாலை.
5. நீங்கள் ஆண்டுதோறும் கூப்பிட்டும் நான் கிள்ளானுக்கு வராதது.

எழுபதுகளின் கடைசியில் நம் நாடக மன்றம் ஒரு கடையின் மாடியில் இருந்தது. நான் செயலாளர். நீங்கள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி ஒத்திகைக்கு வருவீர்கள். சில நாள் வேலை முடிந்த கையோடு வெள்ளைச் சீருடையிலேயே வந்துவிடுவீர்கள். அதனால் மன்றத்தில் யாருமே உங்கள் பெயரைச் சொன்னதில்லை. தாதிகளை நம்மவர்கள் கூப்பிடுகிறபடி மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். நானும் கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன்.

பதினைந்து ஆண்டுகளாக நீங்கள் போட்ட வேடங்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். வேலைக்காரி, குறத்தி, பிள்ளை பிடிப்பவள், அரக்கி, பேய், மறுபடி வேலைக்காரி. நம் மன்றத்தில் உங்களைப்போல் வசனம் பேச ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குக் கதாநாயகி வேடம் கிடைக்காது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் காரணம் உங்கள் நிறம். அதை யாரும் சொன்னதில்லை, நீங்கள் ஒருவரைத் தவிர. செந்தூலிலிருந்து வரும் மேக்கப் மாஸ்டர் எல்லார் முகத்திலும் ஒரே ரோஸ் பவுடரை அப்புவார். நீங்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். "எனக்கு வேணாம் மாஸ்டர். போட்டா சாம்பல் பூத்த பூசணிக்கா மாதிரி இருக்கேன். பேய்க்குப் போடுறப்ப மட்டும் போடுங்க." மாஸ்டரும் சிரிப்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

விரிவுரையாளரைப் பற்றி முதலில் எழுத வேண்டும் என்று குறிப்புப் போட்டுவிட்டு வேறெங்கோ போகிறேன். அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் பாடம் நடத்த வந்தவர். மன்றம் இருந்த தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். நான் காலையில் தோசை சாப்பிடும் ஒட்டுக்கடைக்கே அவரும் வருவார். ஒரு நாள் நான் கையில் வைத்திருந்த நாடகப் பிரதியைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அப்படித்தான் அறிமுகம். தன்னிடம் சொந்த நாட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு ரீல் படம் இருப்பதாகவும், பார்க்க ஆளில்லை என்றும் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புரொஜெக்டரை இரவல் வாங்கி, ஞாயிறு மதியம் மன்றத்து மாடியில் சன்னல்களை மூடிவிட்டுப் போட்டோம். இருபது பேர் இருந்தோம். புழுக்கம் தாங்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம். கடல், மீன் படகுகள், கரையில் ஒரு வெள்ளைக் கோட்டை. அந்தக் கோட்டையின் நிலவறையில்தான் மனிதர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பிறகு ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து கதை சொல்கிறாள். அவள் ஒரு வரி சொன்னால் சுற்றி இருக்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள். பதில் வராவிட்டால் அவள் கதையை நிறுத்திவிடுகிறாள். அவள் முகம் திரை முழுக்க வந்தபோது பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "ஏ, இங்க பாரு, நம்ம மிஸ்ஸிக்கு அக்கா மாதிரி இல்ல?" எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அந்தப் பொம்பள வர்ற எடத்த இன்னொரு தடவ போடச் சொல்லுங்க சார்" என்றீர்கள். அவர் ரீலைத் திரும்பச் சுற்றிப் போட்டார். நீங்கள் திரைக்கு மிக அருகில் போய், தரையில் உட்கார்ந்து பார்த்தீர்கள்.

அன்று அவர் சொன்ன கதையை நான் இன்னும் வரி மாறாமல் சொல்வேன். ஒருத்தியைப் பிடித்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கப்பலில் இருப்பவர்களுக்கு ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. அவள் ஒவ்வொருவர் நெஞ்சையும் தொட்டுப் பெயரை மட்டும் கேட்கிறாள். கேட்ட ஒவ்வொரு பெயருக்கும் தன் கூந்தலில் ஒரு முடிச்சுப் போடுகிறாள். கரையிறங்கியதும் எல்லாருக்கும் புதுப் பெயர் வைத்து விற்றுவிடுகிறார்கள். கரும்புத் தோட்டத்தில் நிற்கும்போது அவள் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். வயலின் ஏதோ ஒரு மூலையிலிருந்து "இருக்கிறேன்" என்று பதில் வருகிறது. கடைசி முடிச்சு அவளுடையது. அவள் பெயரை அவளே கூப்பிட முடியாது. கதை சொல்பவர் அங்கே நிறுத்திவிடுவார். கேட்கிறவர்கள்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் கதை முடியாது.

நீங்கள், "எங்கப்பாவும் கப்பல்ல வந்தவருதான், சார்கிட்ட சொல்லுங்க" என்றீர்கள். நான் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "உங்கள் தந்தை கப்பலில் ஏறினார். எங்களவர்களை ஏற்றினார்கள்" என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது சரிதான். ரெண்டும் ஒன்னுன்னு நான் சொல்லல. ஆனா தோட்டத்துல கங்காணி பேரு மாத்தி எழுதினது அவரு சாவுற வரைக்கும் அப்படியே இருந்திச்சி. அதத்தான் சொன்னேன்." அவர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து உங்களுக்குக் கை கொடுத்தார்.

அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்ட தன் மக்களின் வழிவந்தவர்கள் பிப்ரவரியில் கறுப்பர் வரலாற்றைக் கொண்டாடுகிறார்கள், நாமும் இங்கே ஒரு மாலை கொண்டாடினால் என்ன என்று அவர் கேட்டார். முதலில் கதையை நாம் தமிழில் நடிப்பது, பிறகு படம். மன்றத் தலைவர் துணிக்கடை வைத்திருந்தவர். நல்லவர்தான். அவருக்குப் பிடித்திருந்தது. பேனரில்தான் சிக்கல் வந்தது. "கறுப்பர் வரலாறுன்னு போட்டா மங்களகரமா இருக்குமா? பண்டிகை மாசம் வேற." நீங்கள் உடனே, "அப்ப ரோஸ் வரலாறுன்னு போடுங்க தலைவரே, மாஸ்டர்கிட்ட பவுடர் மிச்சம் இருக்கு" என்றீர்கள். தலைவரே சிரித்துவிட்டார். கடைசியில் ஆப்பிரிக்கக் கலை மாலை என்று போட்டோம். விரிவுரையாளர் பேனரைப் பார்த்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் எழுதியிருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பர் வரலாற்று மாலை என்றே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டேன்.

கதையை நாடகமாக எழுதும் வேலை எனக்கு வந்தது. இனி இரண்டாவது குறிப்பு.

ஒத்திகை தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். நீங்கள் கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தீர்கள், கடலை என்று நினைக்கிறேன்.

"கிராணி சார், ஒன்னு கேக்கட்டா? இத்தன வருசத்துல மன்றத்துல எனக்கு இந்த வேஷம் வேணும்னு நான் வாயத் தொறந்து கேட்டிருக்கேனா?"

"இல்லை."

"இப்பக் கேக்குறேன். இந்த ஒரு வேஷத்துக்கு என் மூஞ்சியே போதும் சார். ஒன்னும் பூச வேணாம். கழுவிட்டு வந்து நின்னா போதும். எனக்கு இதுக்கப்புறம் எந்த வேஷமும் குடுக்காட்டிப் பரவால்ல."

நான், "பார்ப்போம்" என்றேன்.

"உங்க பார்ப்போம் எனக்குத் தெரியாதா? பஸ்ஸு வந்தாக்கூட ஏறலாமா வேணாமான்னு பார்ப்போம்னு நிப்பீங்க." அப்படிச் சொல்லிவிட்டு ஏறிப் போனீர்கள். சன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். வேடம் உங்களுக்குத்தான் என்று நீங்கள் நம்பியது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

பிரதியின் முதல் நகலை உங்களிடம்தான் கொடுத்தேன். ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டீர்கள். படுக்கை விரிக்கும்போது ஒவ்வொரு படுக்கைக்கும் கதையின் ஒரு பெயரைச் சொல்லிப் பழகினீர்களாம். கோஃபி, அமா, குவாபெனா, யா. ஒரு சீனக் கிழவர் தன் படுக்கைக்குக் கோஃபி என்றுதான் பெயர் என்று நினைத்து, காலையில் நீங்கள் வந்ததும் அவரே "கோஃபி" என்று கை தூக்குவாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

மூன்றாவது குறிப்பை எழுதுவதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். தலைவர், மாஸ்டர், இன்னும் இரண்டு பேர், நான். மாஸ்டர்தான் ஆரம்பித்தார். "ஸ்டேஜ் லைட்டுல இயற்கையா கறுப்பா இருந்தா மூஞ்சி விழாது. கலரான பிள்ளையா எடுத்து, சிரட்டைக்கரியத் தேங்கா எண்ணெயில கொழச்சிப் பூசினம்னா பளபளன்னு இருக்கும். ஆப்பிரிக்காக்காரிச்சி மாதிரியே இருக்கும்." புதிதாகச் சேர்ந்திருந்த, கல்லூரிக்குப் போகிற, சிவந்த பெண்ணின் பெயரைச் சொன்னார். குழுவில் ஒருவருக்கு அது சரியாகப் படவில்லை. "மிஸ்ஸிய வச்சிக்கிட்டு இன்னொருத்திக்குக் கறுப்பு பூசுறதா? என்னாங்க இது?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு பிரதியைப் புரட்டி, "கதையிலயே இளம்பெண்ணுன்னுதான் இருக்கு. மிஸ்ஸிக்கு நாப்பத்திரண்டு வயசு. வேற ஒன்னும் இல்ல, வயசுதான்" என்றார். அப்படிக் கேட்டவரும் பிரதியை வாங்கிப் பார்த்தார். முதல் வரியிலேயே இருந்தது. அவர் அடங்கிவிட்டார். மிஸ்ஸிக்கு வசனம் எல்லாம் பாடமாக இருப்பதால் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம் என்றும் முடிவானது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கூட்டக் குறிப்பை எழுதினேன். உங்களுக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். வயதை முன்னிட்டு, என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படியில் ஏறி வந்தீர்கள். சண்டை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். மாஸ்டர் கக்கூசுக்குள் போய்விட்டார். நீங்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள்.

"நெறம்னு சொல்லிருந்தாங்கன்னா இன்னைக்கு இந்த மாடிய ரெண்டாக்கிருப்பேன் சார். அதுக்குப் பதில் சொல்றதுக்குப் பதினஞ்சு வருசமா வார்த்த சேத்து வச்சிருக்கேன். வயசுன்னு எழுதிட்டாங்க. கதையிலயும் அப்படித்தான் இருக்கு, பார்த்தேன். அதுக்கு நான் என்னா சொல்றது? வயசு ஆயிருச்சிதான்."

கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தீர்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "வாம்மா, பேருங்கள மொதல்ல சொல்லிப் பழகு, அதான் கஷ்டம்" என்று சொல்லிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

நிகழ்ச்சி மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. காஜாங்கிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். விரிவுரையாளர் தன் நாட்டு நெய்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒத்திகைகளுக்கு அவர் வந்ததில்லை. திரை விலகியது. அந்தப் பெண் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் கரி பூசி, உதட்டில் சிவப்பு அப்பி, நின்றாள். மண்டபத்தில் கைதட்டல். சிறுவர்கள் விசில் அடித்தார்கள். நான் திரை இடுக்கு வழியாக விரிவுரையாளரைப் பார்த்தேன். அவர் தோளிலிருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் என் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். பிரதி என் கையில் இருந்தது, உங்களுக்கு அது தேவைப்படவில்லை. கப்பல் காட்சிவரை அந்தப் பெண் நன்றாகவே செய்தாள். பிறகு விளக்குச் சூட்டில் கரி வழிய ஆரம்பித்தது. கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணைத் தேய்த்தாள். வெள்ளைத் துணியில் கறை. முதல் முடிச்சை அவிழ்த்தாள், பெயர் வரவில்லை. நீங்கள் மெல்ல "கோஃபி" என்றீர்கள். அவள் காதில் விழவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னீர்கள். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள்.

அப்போது நீங்கள் குரலைத் திறந்தீர்கள். திரைக்குப் பின்னால் நின்றபடியே, கோஃபி என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டீர்கள். அமா. குவாபெனா. யா. வயலில் நிற்கவேண்டிய மற்ற நடிகர்கள் திடுக்கிட்டு "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மண்டபத்தில் சத்தம் அடங்கியது. மேடையில் கரி வழிய ஒரு பெண் நின்று அழுகிறாள், பெயர்கள் வேறெங்கிருந்தோ வருகின்றன. கடைசி முடிச்சு வந்தது. நீங்கள் நிறுத்தினீர்கள். அங்கே சபை கூப்பிட வேண்டும் என்று நான் முன்னாலேயே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் காத்திருந்தீர்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

போங்கள் மிஸ்ஸி, மேடைக்குப் போங்கள் என்று நான் சொல்லியிருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள். இரண்டு அடிதான். தலைவர் எதிர்ப்பக்கத் திரையில் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பிரதியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

விரிவுரையாளர் எழுந்தார். மேடையை அவர் பார்க்கவில்லை, நாம் நின்ற பக்கத் திரையைப் பார்த்து, "எசி" என்று கூப்பிட்டார். அது கதையில் வரும் பெண்ணின் பெயர். ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டார். நீங்கள் "இருக்கேன்" என்றீர்கள். திரை விழுந்தது.

இடைவேளையில் அவர் உள்ளே வந்தார். அந்தப் பெண் மூலையில் விக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் தோல் எரிகிறதா என்று கேட்டு, தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம், "உங்களில் பாதிப் பேர் என் நிறம். நீங்களும்தான். இந்தக் கரி யாருக்காக?" என்று கேட்டார். எங்கள் மேடை வழக்கம் என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, அந்தக் குரலுக்குரியவரைப் பார்க்க வேண்டும் என்றார். நீங்கள் அதற்குள் கிள்ளான் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். பிறகு படம் போட்டோம். நான் மைக்கில் தமிழில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் மன்றத்துக்கு வரவில்லை. அவரும் வரவில்லை. அடுத்த பிப்ரவரியில் அவர் புரொஜெக்டரையும் ரீல்களையும் ஒரு டாக்சியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார் என்றும், நீங்கள் பிறந்த தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் படம் போட்டார் என்றும், நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து கதை சொன்னீர்கள் என்றும் எனக்குத் தெரியும். எனக்கும் ஓர் அஞ்சலட்டை வந்திருந்தது. அவர் நாடு திரும்பிய பிறகும், படம் இல்லாமலேயே, ஒவ்வொரு பிப்ரவரியிலும் சொன்னீர்கள். ஒவ்வொரு ஆண்டும் எனக்கு அட்டை வந்தது. நேரம், இடம், அடியில் ஒரு வரி. "வாங்க சார், உக்காரப் பாய் இருக்கு." ஒரு முறை கிள்ளான் வரைக்கும் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனேன். மற்ற ஆண்டுகளில் அதுவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று பதில் போட்டேன். நீங்கள் தாதி. என்ன உடம்பு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு மட்டும் வந்தேன். உங்கள் தங்கை என்னை அடையாளம் கண்டுகொண்டு கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் சொன்னார். தோட்டத்துச் சனங்கள் போகப்போகக் கதையில் தங்கள் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்களாம். நீங்கள் கோஃபி, அமா என்று முடித்ததும், கப்பலில் வந்து தோட்டத்தில் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்களாம். எல்லாரும் சேர்ந்து "இருக்கேன்" என்பார்களாம். "அக்கா முடிக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவும் சார். பிள்ளைங்க தூங்கிப் போயிருங்க. அக்கா விடமாட்டாங்க." கேட்டுக்கொண்டே கோப்பியை ஆறவிட்டுவிட்டேன்.

பிறகு அவர் சொன்னார்: "மன்றத்தப் பத்தி அக்கா கோவமாத்தான் பேசுவாங்க. உங்கள மட்டும் விட்டுக்குடுக்க மாட்டாங்க. கிராணி சாரு பாவம், அவரு ஒன்னும் பண்ணல, வாய் தொறக்கப் பயம், அவ்வளவுதான்னு சொல்வாங்க. ஆனா ஒன்னு சார், அந்தக் கடுதாசிக்கப்புறம் அக்கா கண்ணாடி பாக்குறதே வேற மாதிரி ஆயிருச்சி. முன்னெல்லாம் கறுப்பா இருந்தா என்னான்னு கேக்குறவங்க, வயசாயிருச்சி வயசாயிருச்சின்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. நாப்பத்திரண்டுல."

அதைக் கேட்டுவிட்டு எப்படி ரயில் ஏறினேன் என்று தெரியவில்லை. நாற்பது நாளாகியும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், தலைவர் என் வீட்டுக்கு வந்தார். மாஸ்டர் பிடிவாதமாக இருக்கிறார் என்றார். "நெறத்தக் காரணம் காட்டி எப்படி சார் சொல்றது? மிஸ்ஸி சும்மா விடுமா?" அவர் உண்மையிலேயே வழி தெரியாமல்தான் வந்திருந்தார். அப்போது நான் மிஸ்ஸியையே போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட, கூட்டத்தில் நிறம் என்ற சொல் வெளியே வந்திருக்கும். நீங்கள் சண்டை போட்டிருப்பீர்கள். ஜெயித்திருப்பீர்கள் என்றுகூட இப்போது தோன்றுகிறது. குழுவில் ஒருவர் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருந்தார். எனக்கு அந்தச் சண்டையை நினைக்கவே பயமாக இருந்தது. அதனால், "வயதைச் சொல்லலாம், அதில் அவருக்கு மனம் நோகாது" என்றேன். கதையில் வயது இல்லையே என்றார் தலைவர். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

விரிவுரையாளர் சொன்னது ஒரு பெண் என்று மட்டும்தான். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். உங்களிடம் கொடுத்த முதல் நகலிலும் அப்படித்தான் இருந்தது. தலைவர் போன பிறகு குழுவுக்கான பிரதியை எடுத்து, முதல் வரியில் பெண் என்பதற்கு முன்னால் இளம் என்று சேர்த்தேன். அதே பேனா, அதே மை. பிறகு பிழை திருத்த வேண்டும் என்று சொல்லி உங்கள் நகலையும் வாங்கி அதிலும் சேர்த்தேன். என் கையெழுத்து எப்போதும் ஒரே சீராக இருக்கும். அதனால் நீங்கள் சந்தேகப்படவில்லை. மனப்பாடமாக வைத்திருந்த வரியைவிட என் எழுத்தை நம்பினீர்கள்.

இத்தனை ஆண்டுகளாகச் சுமப்பது அந்த ஒரு சொல்லைத்தான். கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. கோழை ஒன்றும் செய்யாதவன் என்று எல்லாரும் நினைப்பார்கள். நீங்களும் அப்படியே நினைத்தீர்கள். மேலே குறிப்பெழுதும்போதுகூட, உங்களிடமே, அப்படித்தான் எழுத வந்தது.

மூன்றாவது குறிப்பு தவறு. நான் பேசினேன், மிஸ்ஸி.